மாசி, மாணிக்கம், ரோதை முனி: சப்ரகமுவத் தோட்டங்களைச் சூழ்ந்த நம்பிக்கைகள்

சப்ரகமுவ மண்ணுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்ற கேள்விக்கு, அங்கே வந்து சேர்ந்த ஒவ்வொரு கூட்டமும் தன் விடையைக் கையோடு கொண்டுவந்தது. 14ஆம் நூற்றாண்டில் வந்த இத்தாலியத் துறவி ஒருவர் சொர்க்கமே பக்கத்தில்தான் இருக்கிறது என்று எழுதிவைத்தார். அரபு நாட்டவர்கள் ஆதி பிதா ஆதமின் காலடியைத் தேடி மலை ஏறினார்கள். அரசர்கள் மாணிக்கம் தேடினார்கள். புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் சேலத்திலும் பஞ்சத்தில் வாடிக் கிடந்த நம் முன்னோருக்கு, ஆள்சேர்க்க வந்த கங்காணி சொன்ன விடை வேறு: தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும்.

முதல் மூன்றும் பயண இலக்கியம், சமயம், வணிகம் என்ற தலைப்புகளில் வரலாற்று நூல்களில் மரியாதையாக இடம்பிடித்துவிட்டன. நான்காவது மட்டும் தோட்டத்துச் சனத்தின் அறியாமைக்குச் சான்றாகச் சொல்லப்பட்டு வருகிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களையும் வைத்து, இங்கே நடமாடிய விசித்திர நம்பிக்கைகளையும் விசித்திர மனிதர்களையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்படிப் பார்க்கும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான்: ஒரு நம்பிக்கை பொய்த்தபோது அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்?

மலையிலிருந்தே தொடங்கலாம். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை இரத்தினபுரி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையில் நிற்கிறது. உச்சிப் பாறையில் ஏறத்தாழ ஐந்தரை அடி நீளத்தில் ஒரு பள்ளம். பௌத்தருக்கு அது புத்தரின் பாதம். சைவருக்குச் சிவனின் பாதம். முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதம். கிறிஸ்தவர்களில் சிலருக்குப் புனித தோமையாரின் பாதம். ஒரே பள்ளத்துக்கு நான்கு சமயத்தார் உரிமை கொண்டாடியும், அதே படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராக இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இந்த மலையில் ஏறினார். அவரை அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. உள்ளங்கை அளவு மாணிக்கத்தைக் குடைந்த கிண்ணத்தில் அகில் எண்ணெய் வைத்திருந்த அரசர் என்று இப்னு பதூதா அவரை வருணிக்கிறார். பாரசீக மொழி புரிந்த அந்த அரசர் பல்லக்கும் ஆட்களும் தந்து, நான்கு யோகிகளையும் மூன்று பிராமணரையும் துணைக்கு அனுப்பினார். ஆதமின் பாதத்தைக் காண வந்த முஸ்லிம் ஒருவரைத் தமிழ் மன்னர் ஒருவர் தம் செலவில் யோகிகளோடு அனுப்பிவைத்த செய்தி, இந்த மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் விட்டுவிடக் கூடாத ஒன்று.

அவர் எழுதியவற்றில் இரண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஷெய்க் இப்னு கஃபீஃப் என்ற ஞானியும் அவரது தோழர்களும் இந்த மலைக்கு வரும் வழியில் பசியால் வாடினார்களாம். ஞானி தடுத்தும் கேளாமல் தோழர்கள் ஒரு யானைக் குட்டியைக் கொன்று தின்றார்கள். இரவில் யானைக் கூட்டம் வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துத் தின்றவர்களைக் கொன்றது. தின்னாத ஞானியை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டது. இது கதை. அதே பயணத்தில் அவர் அட்டைகளைப் பற்றியும் எழுதுகிறார். நீர்நிலைக்கு அருகிலுள்ள செடிகளிலும் புற்களிலும் இருந்துகொண்டு, ஆள் நெருங்கினால் அவை தாவி ஒட்டிக்கொள்ளும் என்றும், அதற்காகவே மக்கள் எலுமிச்சங்காயைத் தயாராக வைத்திருந்து பிழிந்துவிடுவார்கள் என்றும் சொல்கிறார். இது கண்ணால் கண்டது. தெரணியகலைப் பக்கத் தோட்டமொன்றில் மழைக்காலத்தில் மலைக்குப் போகிற பெண்ணின் காலைப் பார்த்தால் போதும். சுண்ணாம்போ சவர்க்காரமோ தேய்த்திருப்பார். புல்லில் கால் வைத்ததும் நூல் தடிமன் அட்டை விரலிடுக்கில் ஏறிவிடும். கடித்த இடத்தில் வலி தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கெண்டைக்கால் முழுக்க இரத்தம் வடிந்து காய்ந்திருக்கும். அறிவுரையும் அற்புதமும் ஒரே மனிதனின் ஒரே எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நம்பிக்கைகளை ஆராய்கிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். யானைக் கதையை நம்பியவர் என்பதற்காக அட்டையைப் பற்றி அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது.

பாதத்தின் பெருவிரல் இருந்த பகுதியைச் சீனர்கள் வெட்டி எடுத்துப்போய், இன்று குவான்சோ எனப்படும் ஸைத்தூன் நகரத்துக் கோயிலில் வைத்தார்கள் என்றும் அவர் எழுதினார். மலையேறப் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகள் பத்து என்று கணக்கிட்டு, கடைசிச் சங்கிலிக்குக் கலிமாவின் பெயர் இருப்பதையும் குறித்தார். அந்தச் சங்கிலிகளை மாட்டியவர் மாவீரன் அலெக்சாந்தர் என்பது இன்னொரு பழங்கதை. சில ஆண்டுகளுக்குப் பின் வந்த துறவி ஜொவானி தெ மரிக்னொல்லிதான் நான் முதலில் குறிப்பிட்டவர். சொர்க்கம் இங்கிருந்து 40 இத்தாலிய மைல் தூரம் என்றும், அதன் ஊற்று விழும் ஓசை இங்கே கேட்கும் என்றும் ஊரார் சொன்னதாக அவர் பதிந்தார். வண்ணத்துப்பூச்சிகள் பருவகாலத்தில் கூட்டமாக இந்த மலையை நோக்கிப் பறப்பது பாதத்தை வணங்கி உயிர் விடத்தான் என்ற நம்பிக்கை இன்னும் உண்டு. ஏறிய தடவைகளுக்கு ஏற்ப உச்சியில் மணி அடிப்பதும், வழியில் ஓரிடத்தில் ஊசியில் நூல் கோத்து விடுவதும் மாறாமல் தொடர்கின்றன. இந்த நம்பிக்கைகளால் கெட்டவர் எவரையும் நான் காணவில்லை. பலாபத்தலை வழியாக ஏறுகிறவர்களுக்குக் கால்வலியைத் தவிர வேறு நட்டம் இல்லை.

மாணிக்கக் குழியின் கணக்கு வேறு. இரத்தினபுரியின் சமன் தேவாலயமே ஒரு நேர்த்தியால் எழுந்தது என்பது மரபு. தம்பதெனிய அரசன் இரண்டாம் பராக்கிரமபாகுவின் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், ஆர்யகாமதேவ என்ற அமைச்சர், கல் கிடைத்தால் கோயில் கட்டுவேன் என்று வேண்டிக்கொண்டார், கல் கிடைத்தது, கோயில் எழுந்தது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள்; பின்னர் அது மறுபடி கட்டப்பட்டது. இன்றும் குழி தோண்டுமுன் சமன் தெய்வத்துக்கும், நிலத்தடிப் புதையலைக் காப்பவராகச் சிங்களவர் நம்பும் பைரவருக்கும் விளக்கேற்றுவார்கள். செருப்போடு குழிப்பக்கம் போகக் கூடாது. பெண்கள் வரவே கூடாது.

குழி என்பது சிறிய வாய். பக்கச் சுவர் சரியாமல் மரச் சட்டம் அடித்து, சட்டத்துக்குப் பின்னால் பன்னத் தழை திணித்திருப்பார்கள். ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இறங்கி, கற்கள் உள்ள பருக்கை மண்ணாகிய ‘இல்லம’ அடுக்கை எட்டியதும் பக்கவாட்டில் சுரங்கம் போடுவார்கள். மண்ணைக் கூடையில் மேலேற்றி, நீரில் அலசி, கூடையைச் சாய்த்து வெயிலில் காட்டி ஒரு கை மட்டும் மெதுவாகத் தடவிப் பார்க்கும். அந்த நேரத்தில் யாரும் பேசமாட்டார்கள். கிடைத்ததில் நிலக்காரருக்கு ஒரு பங்கு, முதல் போட்டவருக்கு ஒரு பங்கு, இறங்கியவர்களுக்கு ஒரு பங்கு. கிடைக்காவிட்டால் முதல் போட்டவர் பணத்தை இழப்பார். இறங்கியவர் பல மாத உழைப்பை இழப்பார். மண் சரிந்தால் உயிரையும் இழப்பார். எவர் பக்கம் ஆபத்து கூடுதலோ அவர் பக்கமே விளக்கும் நேர்த்தியும் கூடுதலாக இருக்கின்றன. இதில் எனக்கு வியப்பே இல்லை.

பெண்கள் விலக்கப்படுவதைத் தீட்டு என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் சுரங்கத்தினுள் பெண்கள் வேலை செய்வதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1935ஆம் ஆண்டு உடன்படிக்கை தடுத்தது. இலங்கையும் 1937இல் அதற்குச் சட்டம் இயற்றியது. குழிக்காரரின் வழக்கமும் ஜெனீவாவின் சட்டமும் வேறு வேறு காரணம் சொல்லி ஒரே வாசலைத்தான் அடைத்தன. பங்கு கிடைக்கும் தொழிலிலிருந்து பெண் விலக்கப்பட்டாள். நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பதிலிருந்தும் றப்பர்ப் பால் வெட்டுவதிலிருந்தும் எவரும் அவளை விலக்கவில்லை.

கல்லின் மதிப்பே நம்பிக்கையால் ஆனது என்பதற்குக் கெவுடா போதும். பால்நிறத்தில் மங்கிக் கிடந்த அந்தக் கல்லை முன்பு எவரும் பொருட்டாக எண்ணவில்லை. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அதை மலிவாக அள்ளிக்கொண்டு போனார்கள். மிக உயர்ந்த வெப்பத்தில் சூடேற்றினால் அது நீலக்கல்லாகிவிடும் என்ற உண்மை அவர்களுக்குத் தெரிந்திருந்தது; இரத்தினபுரிக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இரத்தினபுரிப் பகுதி வீடொன்றில் கிணறு தோண்டும்போது 510 கிலோ எடையுள்ள நீலக்கல் திரள் கிடைத்தது 2021இல் வெளியே தெரியவந்தது. அதன் விலை 10 கோடி டொலர் வரை போகும் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. எடை பெரிது என்பதால் விலையும் பெரிது என்று உலகமே நம்பத் தயாராக இருந்த அந்த வாரங்களில், குழிக்காரரின் விளக்கைப் பார்த்து மூடநம்பிக்கை என்று சொல்ல யாருக்கும் தகுதி இருக்கவில்லை.

இனித் தேங்காய்க்கும் மாசிக்கும் வருகிறேன். தேயிலைத் தூரடியில் மாசி விளையும் என்று யாராவது உண்மையிலேயே நம்பினார்களா? நிலத்தில் பாடுபட்டுப் பழகிய மனிதர்களுக்கு மாசி கடல் மீன் என்பது தெரியாமலா போயிருக்கும்? என் கருத்து இதுதான்: ஊரில் குறையில்லாத சோற்றுக்கும் குழம்புக்கும் அந்தக் காலத்தில் அடையாளமாக இருந்தவை அவை இரண்டும். கங்காணி கொடுத்த வாக்குறுதியின் சுருக்கம் அது. வந்த பிறகு அந்தச் சுருக்கத்தையே ஏமாற்றத்தின் பெயராக்கித் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஆகவே அது நம்பிக்கையைப் பற்றிய கதை என்பதைவிட, ஏமாற்றப்பட்டதைப் பற்றிய சாட்சியம். மண்டபம் முகாமில் சோதிக்கப்பட்டு, கழுத்தில் தகரத் துண்டு தொங்க, வழிச்செலவே கடனாகத் தலையில் ஏறி வந்தவர்களின் சாட்சியம். மரிக்னொல்லியின் சொர்க்கம் 40 மைலில் இல்லாததால் அவர் எதையும் இழக்கவில்லை. இவர்கள் ஊரை இழந்தார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாட்டையும் இழந்தார்கள்.

துரைமாரும் நம்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் புள்ளி தோன்றியபோது, அது ஒரு பூஞ்சணம் என்று அதே ஆண்டில் இங்கிலாந்தில் இனங்கண்டு பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் தோட்ட முதலாளிகளில் பலர் காலநிலை சரியில்லை, மண் களைத்துவிட்டது, இன்னும் உரம் போட்டால் தேறிவிடும் என்று நம்பிக் கடன் வாங்கிக் காடு வெட்டிக்கொண்டே போனார்கள். 1880இல் வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் பூஞ்சண வித்துகள் காற்றில் பரவுவதை நிறுவிக் காட்டியபோது காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பி விழுந்தபோது தொழிலாளரின் கூலிப் பாக்கியும் அதோடு விழுந்தது. பேய் ஓட்டக் கோழி அறுத்தவனின் நம்பிக்கையும், செத்துக்கொண்டிருந்த செடிக்கு எருப் போட்ட துரையின் நம்பிக்கையும் அச்சத்திலிருந்து பிறந்தவைதான். ஒன்றுக்கு மூடநம்பிக்கை என்றும் மற்றொன்றுக்கு முதலீடு என்றும் பெயர் வந்தது.

விசித்திர மனிதர் என்று கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது மேஜர் தோமஸ் றொஜர்ஸை. சப்ரகமுவத்தின் கிழக்கு விளிம்பை ஒட்டிய ஊவாவில் அரசாங்க அதிகாரியாக இருந்த அவர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கணக்கு. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையையும் மின்னல் விடாமல் தாக்குகிறது என்பது மக்கள் கதை. அதிகாரத்தில் இருந்தவனைச் சட்டம் தண்டிக்காதபோது வானம் தண்டித்தது என்று சொல்லிச் சனம் ஆறுதல் தேடியிருக்கிறது. அந்தக் கதையை நான் மதிக்கிறேன். யானைகளின் சார்பில் வேறு எவரும் அந்தக் காலத்தில் தீர்ப்புச் சொல்லவில்லை.

வெள்ளைக்காரத் துரை இறந்தபின் பேயாகித் தெய்வமாவது தமிழ் நாட்டிலும் நடந்தது. 1809இல் ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சண்டையில் மாண்ட கப்டன் போல் என்பவரின் ஆவிக்கு மக்கள் பிராந்தியும் சுருட்டும் படைத்து வழிபட்டதை ரொபர்ட் கால்டுவெல் 1849இல் எழுதினார். ஆதிக்கம் செய்தவனை அவன் விரும்பியதைக் கொடுத்தே அடக்கும் இந்த வழி, கப்பலேறிய சனத்தோடு சேர்ந்து இலங்கைக்கும் வந்தது. மாடசாமி, முனியாண்டி, மாரியம்மன் எல்லாரும் வந்தார்கள். ஆனால் இங்கே வந்த பிறகு பிறந்த தெய்வம் ஒன்று உண்டு: ரோதை முனி.

ரோதை என்று தோட்டத்தார் சொல்வது, ஸ்டோர் எனப்படும் தோட்டத் தொழிற்சாலையிலுள்ள எந்திரச் சக்கரத்தை. வார் கழன்று அடித்தால் கை போய்விடும். றப்பர் தோட்டமானால், தட்டில் உறைந்த பாலை உருளைகளுக்கு நடுவே கொடுத்து இழுக்கும்போது விரல் கூடப் போய்விடலாம். உருளை நிற்க வேண்டுமானால் யாராவது ஓடிப்போய் நிறுத்த வேண்டும்; அதற்குள் காரியம் முடிந்துவிடும். அந்தச் சக்கரத்தில் குடியிருக்கும் முனிக்குப் பூசை போட்டு, தேங்காய் உடைத்து, சேவல் காவு கொடுத்துத்தான் வேலை தொடங்குவார்கள். கவ்வாத்து வெட்டுமுன் கவ்வாத்துச் சாமியைக் கும்பிடுவதும் இதே வகை. ஆயிரம் ஆண்டுப் பழமையான தெய்வங்களை மட்டுமே நம் அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டிருப்பது எனக்கு வருத்தம். நீராவி எந்திரத்துக்கு அருகில் ஒரு தொழிலாளி வர்க்கம் தானே உருவாக்கிய தெய்வம் உலகில் எத்தனை இடத்தில் இருக்கும்? பாதுகாப்பு வேலியோ, நட்ட ஈடோ, மருத்துவரோ இல்லாத இடத்தில் முனி ஒருவர் இருந்தார். சேவலின் விலையை முழுக்க முழுக்கத் தொழிலாளிதான் கொடுத்தான்.

இனித் தோட்டத்துக்கு வெளியே, கேகாலைப் பக்கத்து நம்பிக்கைகளைப் பார்க்கலாம். கொழும்பு–கண்டி வீதி கேகாலையைக் கடந்து ஏறுகிறது. மலையைத் துளைத்து வருகிறவர்களே கண்டியை ஆள்வார்கள் என்ற பழைய வாக்கு இருந்ததென்றும், கடுகண்ணாவையில் ஆங்கிலேயர் பாறையைக் குடைந்து வீதி போட்டதும் அது பலித்ததென்றும் சொல்வார்கள். அந்த வீதியில்தான் சரதியேல் என்ற கொள்ளையன் வழிமறித்தான். 1832இல் பிறந்த அவன், மாவனல்லைக்கு அருகே உதுவன்கந்தைப் பாறையை அரணாக்கிக்கொண்டு, மம்மலே மரைக்கார் என்ற முஸ்லிம் தோழனோடு செல்வரைக் கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்பது கேகாலையின் நம்பிக்கை. 1864 மார்ச் 21ஆம் திகதி அவனைச் சுற்றி வளைத்தபோது துவான் சபான் என்ற மலாயக் காவலர் சுடப்பட்டு இறந்தார். இலங்கைப் பொலிஸார் தம் மாவீரர் தினத்தை இன்றும் அந்த நாளில் அனுசரிக்கிறார்கள். மே 7ஆம் திகதி கண்டியில் சரதியேல் தூக்கிலிடப்பட்டான். ஒரே நாளில் நடந்த ஒரே சம்பவத்துக்கு இருவர் நாயகர்களாகிவிட்டார்கள். அரசாங்கம் ஒருவரை நினைவில் வைத்திருக்கிறது, ஊர் மற்றவனை.

பலாங்கொடைக்கு அப்பால் கூரகலையில் இரு தரப்பின் நினைவுகளும் ஒரே பாறையில் மோதின. 12ஆம் நூற்றாண்டில் மறைந்த பாக்தாத் ஞானி அப்துல் காதிர் ஜீலானி, ஆதமின் மலைக்கு வந்தபோது இங்கே குகையில் தவமிருந்தார் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. தப்தர் ஜெய்லானி என்ற பெயரில் பள்ளிவாசலும் ஆண்டுதோறும் கொடியேற்றமும் உண்டு. அங்குள்ள குகையொன்று மக்கா வரை நீள்கிறது என்றும் நம்புவார்கள். அதே பாறையில் பழைய பௌத்தத் துறவிகளின் குகைகளும், அவற்றுக்கும் முந்திய கற்கால மனிதரின் எச்சங்களும் இருக்கின்றன. அண்மைக்காலத்தில் முஸ்லிம்களின் உரிமைக்கு எதிராகப் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 2022இல் அரச வெசாக் விழா அங்கே நடந்தது. சிவனொளிபாதமலையில் நான்கு சமயத்துக்கு இடம் இருந்த மாகாணத்தில், கூரகலையில் இரண்டுக்கு இடம் போதாமல் போனது. காரணத்தைப் பாறையில் தேடிப் பயனில்லை. நாட்டின் அரசியலில்தான் தேட வேண்டும்.

வதந்தியும் நம்பிக்கையின் ஒரு வகைதான். சப்ரகமுவத் தோட்டத் தமிழர் அதிகம் விலை கொடுத்தது அதற்குத்தான். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் லயங்கள் இவை. 1977இல் வடக்கில் சிங்களவர் தாக்கப்பட்டதாகப் பொய்ச் செய்தி பரவியபோது தோட்ட லயங்களும் தாக்குதலுக்கு உள்ளாகின. 1981இல் இரத்தினபுரிப் பக்கத்திலும், 1983இல் நாடு முழுக்கவும் அது திரும்ப நடந்தது. பிறந்த தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம்.

2008 முதல் சில ஆண்டுகளாகக் கஹவத்தை, கொட்டகெத்தனைப் பகுதியில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். 2011 ஆகஸ்ட்டில் உடலில் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்ற பீதி இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து மலைநாடு, கிழக்கு, வடக்கு என்று பரவியது. அப்புத்தளைத் தோட்டமொன்றில் கிறீஸ் மனிதர் என்ற சந்தேகத்தில் இருவர் கொல்லப்பட்டார்கள். புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பத்திரிகைகளில் ‘கிறீஸ் பூதம்’ என்ற தலைப்பு பெரிதாகி, கொட்டகெத்தனைப் பெண்களின் கொலைகள் அதற்குள் மறைந்தன. பூதம் இல்லை என்று அதிகாரிகள் விளக்கினார்கள். கொலை உண்மை என்று தோட்டத்துப் பெண்களுக்குத் தெரியும். பால்வெட்டு விடியுமுன் தொடங்கும் வேலை. வெயில் ஏறினால் பால் வற்றிவிடும், மழை பெய்தால் வெட்டே இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேர், அதாவது நாட்கூலி, இல்லை. இருட்டில் மரத்துக்கு மரம் தனியே நடக்கிற பெண் அச்சப்பட்டதை நான் விசித்திரம் என்று எழுதமாட்டேன். பாதுகாப்புக் கேட்டவளுக்குப் பூதம் இல்லை என்று மட்டுமே பதில் சொல்லப்பட்டது.

ஆய்வாளர்கள் சப்ரகமுவத் தோட்டங்களுக்குள் இன்னும் போதிய அளவு நுழையவில்லை. மலையக நாட்டார் வழக்கு என்றதும் நுவரெலியாவுக்கும் அட்டனுக்கும் போய்விடுகிறோம். எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் கஹவத்தையிலும் எந்தெந்த ஸ்டோரில் ரோதை முனிக்குப் பூசை நடந்தது, யார் பூசாரி, எந்த விபத்துக்குப் பின் அது தொடங்கியது, ஸ்டோர் மூடப்பட்டபின் முனியை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பவற்றைத் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். சொல்லக்கூடிய தலைமுறை இன்னும் அங்கே இருக்கிறது.